பொதிகை முதல் புன்னைக்காயல் வரை: தாமிரபரணிக்கு முதன்முறை வருகிறவர்களுக்கு

நெல்லைச் சீமைக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் குற்றாலம் போகிற வழியில் அல்வா வாங்க இறங்குகிறவர்கள். மீதிப் பேர் ஆற்றங்கரையின் நவதிருப்பதி, நவகைலாயம் என்று ஒன்பது கோவிலையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் வேன் ஏறுகிறவர்கள். இரண்டு தரப்பும் தாமிரபரணியைப் பாலத்து மேலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்தக் கட்டுரை மூன்று நான்கு நாள் ஒதுக்கி, ஆற்றைப் பார்க்கவே வருகிறவர்களுக்கு.

பொதிகை மலையில் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு சேர்ந்துவிடுகிற சின்ன ஆறு இது. அந்த நீளத்துக்குள் புலிகள் காடு, அருவி, நெல்வயல், அக்ரகாரம், கோரைப்பாய் நெய்கிற ஊர், முதுமக்கள் தாழி புதைந்த மேடு, வாழைத்தோப்பு, பனங்காடு, அலையாத்தி எல்லாம் வரிசையாக வந்துவிடும். அதனால் திட்டம் போடுவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தண்ணீர் போகிற போக்கில் மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். ஊர்களை நவக்கிரக வரிசைப்படி தாண்டித் தாண்டிப் பிடிக்க நினைத்தால் நாள் முழுக்கச் சாலையில்தான் போகும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைப்பதால்தான் இது வற்றாத ஆறு. அதற்காக எல்லா மாதமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

என் தேர்வு ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழை ஓய்ந்திருக்கும், அணைகளில் தண்ணீர் இருக்கும், கால்வாய்கள் ஓடும். பிசானப் பருவ நெற்பயிர் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறுகிற காலம் அது. குளங்களில் நீர்ப்பறவைகளும் நிறைந்திருக்கும். வருடந்தோறும் ஜனவரியில் இந்தப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆர்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதையொட்டி வருவது நல்லது.

ஜூன், ஜூலையில் வந்தால் கார் பருவ நெல் நடவு நடக்கும், மலைப்பக்கம் சாரல் அடிக்கும், அருவிகளில் தண்ணீர் கொட்டும். கூட்டமும் கொட்டும். ஏப்ரல், மே வெயிலில் மலையடிவாரம் தாங்கும். நெல்லைக்குக் கிழக்கே பகலில் வெளியே நிற்க முடியாது.

அக்டோபர் பாதி முதல் டிசம்பர் முடியும்வரை வருவதானால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுபோனது. சாதாரண நாளில் முழங்காலளவு ஓடுகிற ஆறு என்று பார்த்துப் பழகியவர்களுக்கு அன்றைய ஆறு அடையாளமே தெரியவில்லை.

2. எங்கே தங்குவது, எதில் போவது

இரண்டு இடங்களில் தங்குங்கள். முதல் இரண்டு இரவு அம்பாசமுத்திரத்தில், உள்ளூர்க்காரர்கள் சொல்கிறபடி சொன்னால் அம்பையில். அடுத்த இரண்டு இரவு திருநெல்வேலியில். நெல்லையிலேயே தங்கி எல்லாவற்றையும் முடிக்கவும் முடியும். ஆனால் மலையடிவாரத்தில் பார்க்க வேண்டியது எல்லாம் காலை வேளை சமாச்சாரம். நெல்லையிலிருந்து பாபநாசம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கின் அதிர்ஷ்டம் இரண்டு ரயில் பாதைகள். நெல்லையிலிருந்து மேற்கே செங்கோட்டை போகிற பாதை சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை ஒட்டியே போகிறது. கிழக்கே திருச்செந்தூர் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வருகின்றன. பாசஞ்சர் வண்டிகளில் கட்டணம் மிகக் குறைவு, ஜன்னலோரக் காட்சி மிக அதிகம். வண்டிகள் நாளுக்குச் சிலதான் என்பதால் நேரத்தை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து உள்ளூர்களுக்கு மினி பஸ்ஸோ ஆட்டோவோ. பாபநாசம் பஸ்ஸுக்கு நெல்லையில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம் போக வேண்டும். விமானத்தில் வருகிறவர்களுக்கு வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம்தான் பக்கம்.

சொந்தக் காரில் வந்தால் வசதிதான். ஆனால் காரை ஊர் முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். தேரோடும் வீதிகள் அகலமாக இருக்கும், ஆற்றுக்கு இறங்கும் சந்துகள் அப்படி இருக்காது.

3. மலையடிவாரம்: பாபநாசம், காரையாறு

காலை ஆறு மணிக்குப் பாபநாசநாதர் கோவில் படித்துறையில் இருங்கள். ஆற்றங்கரையில் உள்ள ஒன்பது சிவன் கோவில்களான நவகைலாயத்தில் முதல் கோவில் இது, சூரியனுக்கு உரியது. கோவிலுக்கு எதிரே படி இறங்கினால் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக வந்து காலைச் சுற்றும். பொரி விற்பவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மீனைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஆற்றுக்கு நல்லது. இங்கே பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடுகிற பழக்கம் ஒன்று வேரூன்றிவிட்டது. தன்னார்வலர்கள் அவ்வப்போது டன் கணக்கில் துணி அள்ளுகிறார்கள். யாராவது உங்களிடம் துணியை விடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாவம் ஒன்றும் குறைந்துபோகாது.

அங்கிருந்து மேலே ஏறினால் அகஸ்தியர் அருவி. இதற்குமேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது, சோப்பு, ஷாம்பு எதுவும் கொண்டுபோகாதீர்கள். தனியார் வாகன அனுமதி, மேலே எதுவரை போகலாம், எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்பதெல்லாம் மழை, திருவிழா, விலங்கு நடமாட்டம் இவற்றைப் பொறுத்து மாறும். முந்தின நாள் மாலையே அம்பையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய பயணக் குறிப்பு எதையாவது நம்பி, பாணதீர்த்தத்துக்குப் படகில் போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த அருவிக்குப் படகில் போகத் தடை போட்டு வெகுகாலமாகிறது.

காரையாறு வழியில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலைத் தவறவிட வேண்டாம். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கான சனம் கூடும் காட்டுக் கோவில். மற்ற நாளில் குரங்கும் ஆற்றுச் சத்தமும்தான். உள்ளே பட்டவராயன் சன்னதியைத் தேடிப் பாருங்கள். வில்லுப்பாட்டில் பாடப்படுகிற முத்துப்பட்டன் இவர்தான். பிராமணக் குலத்தில் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணந்து, மாமனார் வீட்டுத் தொழிலான செருப்புத் தைப்பதையும் மாடு காப்பதையும் ஏற்று, மாடு மறிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர். அதனால் இங்கே காணிக்கை செருப்பு. புதுச் செருப்பாகச் செய்து கொண்டுவந்து கட்டுவார்கள். மறு வருடம் பார்த்தால் அது நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. நெருங்கிப் போய்ப் பாருங்கள். சாதாரணக் காலுக்குப் பொருந்தாத அளவில் தடித்த தோலில் குமிழ் வைத்துத் தைத்தவையும் கிடக்கும்.

மணிமுத்தாற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அணையும் அருவியும் சேர்த்து அரை நாள் போதும். அதற்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டப் பகுதியான மாஞ்சோலைக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். சாலை மோசம், அட்டை கடிக்கும், மழை நாளில் அனுமதியே கிடையாது. முதன்முறை வருகிறவர்கள் மாஞ்சோலையை அடுத்த தடவைக்கு ஒத்திவைக்கலாம் என்பது என் கட்சி.

4. ஆற்றில் இறங்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் குழந்தைகளோடு வருகிறவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

பாபநாசத்தில் அகஸ்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்று ஓர் இடம். 1925இல் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் இறந்தது அங்கேதான். லண்டனிலும் பாரீசிலும் ஆங்கிலேய உளவுப் போலீசுக்குத் தப்பியவர், அருவித் தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்தார், இருவருமே பிழைக்கவில்லை. நூறு வருடமாகியும் இந்த ஆற்றில் சாவு வருகிற விதம் மாறவில்லை. ஒருவர் வழுக்குவார், நீச்சல் சரியாகத் தெரியாத இன்னொருவர் பின்னாலேயே குதிப்பார்.

எனவே சில விஷயங்கள். ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். அழகாக இருக்கிறது, ஆளே இல்லை என்று தோன்றுகிற இடத்தில் ஆள் இல்லாததற்குக் காரணம் இருக்கும். துணி துவைத்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணாச்சி, இங்கன ஆழம் எப்படி? அக்கா, பிள்ளைய இறக்கலாமா?" என்று கேட்டால் போதும், எந்தப் படி வரை பாசி, எந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் கசம் என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். கசம் என்றால் ஆழமான மடு. அந்தச் சொல் காதில் விழுந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது.

தண்ணீர் தெளிவாக இருந்தால் தரை பக்கத்தில் தெரியும். இறங்கிப் பார்த்தால் கழுத்தளவு இருக்கும். மணல் அள்ளிய குழிகள் ஆற்றின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் உண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி கிடைக்காது. மேலே அணையைத் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். நிறம் கலங்கினாலோ, குச்சி, சருகு மிதந்து வர ஆரம்பித்தாலோ பொருட்களை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். அணைக்கட்டுச் சரிவுக்கு நேர் கீழே இறங்கவே வேண்டாம். அங்கே சுழல் ஆளைக் கீழே பிடித்துக்கொள்ளும். யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். வேட்டி, துண்டு, சேலை எதையாவது முறுக்கி வீசுங்கள்.

இன்னொன்று, நெல்லை நகரத்தைத் தொட்ட பிறகு கழிவுநீர் கலக்கிறது. குளியலெல்லாம் அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவி வட்டாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. அம்பையிலிருந்து சேரன்மகாதேவி வரை

என்னைக் கேட்டால் இந்தப் பள்ளத்தாக்கின் நெஞ்சு இதுதான். அருவிக்கு வருகிற கூட்டம் இங்கே இறங்காமலே போய்விடுகிறது.

இங்கே பார்க்க வேண்டிய முதல் பாரம்பரியச் சின்னம் எந்தக் கோவிலும் இல்லை, அணைக்கட்டுகள்தான். ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டுத் தடுப்பணைகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. இவை பெரிய அணைகள் போலத் தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. ஆற்றின் போக்கில் சாய்வாகக் கல்லை அடுக்கி, மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாய்க்குள் திருப்பிவிடும். மிச்சம் மேலே வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். கால்வாய் குளத்தை நிரப்பும், ஒரு குளம் நிரம்பி வழிகிற மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். நீங்கள் ரயில் ஜன்னலில் பார்க்கிற பச்சை முழுக்க இந்த ஏற்பாடுதான். பல நூறு வருடமாகியும் இன்றும் வேலை செய்கிற சின்னம் என்பதால் டிக்கெட்டும் கிடையாது, தகவல் பலகையும் கிடையாது. கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய் எந்தப் பக்கம் என்று கேட்டு, கரையில் காலையிலோ மாலையிலோ நடங்கள். மீன்கொத்தி, நீர்க்காகம், நாரை எல்லாம் கூடவே வரும். சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. கரைப்பாதை வயல்காரர்களுக்கு வேலைத்தடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டிராக்டர் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அறுத்துப் போட்ட கதிரைத் தாண்டக் கூடாது.

அம்பை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் அரிசியைச் சாப்பிட்டிருப்பார்கள். இட்லிக்குப் பேர்போன அம்பை 16 ரகம் அங்கே பிறந்ததுதான்.

கல்லிடைக்குறிச்சியில் அக்ரகாரத் தெருக்களில் ஒரு சுற்று. முத்துசுவாமி தீட்சிதர் பாடிய ஆதிவராகப் பெருமாள் கோவில் இங்கே உண்டு. குலசேகரமுடையார் கோவில் நடராஜருக்கு வேறொரு கதை. 1982இல் திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகர அருங்காட்சியகத்தில் நின்று, 2019இல் திரும்பி வந்தவர். அப்பளம் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்ப மனசு வராது. கையால் தேய்க்கிற வீடுகளைத் தேடி வாங்குங்கள், தடிமனும் மணமும் தனி.

பக்கத்தில் மன்னார்கோவில், பிரம்மதேசம் இரண்டும் ஆட்டோ தூரம். பிரம்மதேசத்துக் கைலாசநாதர் கோவில் பெரியது, காலியாக இருக்கும். தூணைத் தூணாக நின்று பார்க்கலாம். நேரம் ஒரு கோவிலுக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் விட்டுவிட்டுத் திருப்புடைமருதூர் போங்கள்.

வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற இடம். கரை நெடுக மருத மரங்கள், மரம் நிறையப் பறவைகள். மருத மரம்தான் நாறும்பூநாதர் கோவிலின் தலமரமும். 2005இல் இந்த ஊர்ப் பறவை வாழிடம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் சமுதாயப் பங்கேற்புள்ள 'பாதுகாப்புக் காப்பிட' வகையில் இந்தியாவிலேயே முதலாவது. குளங்களில் இரை தேடிவிட்டு இங்கே வந்து கூடு கட்டுகிற நாரைகளையும் அரிவாள்மூக்கன்களையும் கோவில் வாசலில் நின்றபடியே பார்க்கலாம். குடையோ தொப்பியோ வைத்துக்கொள்ளுங்கள். மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து நிற்பது நல்லது.

கோவில் கோபுரத்துக்குள் ஐந்து தளங்களிலும் நாயக்கர் காலத்து மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் உள்ளன. புராணக் கதைகளோடு, போர்க்களமும், கப்பலில் குதிரை கொண்டுவரும் வணிகர்களும் வரையப்பட்டிருக்கிறார்கள். வழக்கமாகப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். கோவில் அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள், அனுமதி கிடைத்தால் யோகம். ஏறினால் சுவரில் கை வைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். படிகள் குறுகலானவை என்பதால் பெரியவர்களைக் கீழே உட்கார வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து சேரன்மகாதேவி பக்கம் வந்தால் பத்தமடை. ஊருக்குள் போய்ப் பாய் நெய்கிற வீடு எது என்று கேளுங்கள். கோரைப்பாய் எல்லா ஊரிலும் உண்டு. பத்தமடையில் கோரையை வெயிலில் உலர்த்தி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, கத்தியால் வகிர்ந்து வகிர்ந்து நூல் போல ஆக்குவார்கள். பருத்திப் பாவுக்குள் அந்த இழையை ஒவ்வொன்றாகக் கோத்து அழுத்துவதற்கு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கொஞ்ச நீளம்தான் ஏறும். மெல்லிய ரகத்தைத் துணி போல மடிக்கலாம். விரலால் தடவிப் பார்த்தால் கோரை என்று சொல்ல மாட்டீர்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரும் தேதியும் சேர்த்தே நெய்து தருவார்கள். அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பேரம் பேசுகிறவர்கள் பத்து நிமிடம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடை வீதியில் தொங்குகிற முரட்டுப் பாயையும் பத்தமடை என்று சொல்லித்தான் விற்கிறார்கள், கவனம்.

6. நெல்லையில் ஒரு நாள்

காலையில் நெல்லையப்பர் கோவில். இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்களைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டித் தட்டித்தான் தேய்த்திருக்கிறோம். நடராஜரின் ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கே. அதன் மரவேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே, பாறையில் எழுந்தது. வெள்ளம் வந்தால் கோவில் முழுகிவிடும். அதற்கு முன் உற்சவரைக் கரையிலிருக்கும் மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள், வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். ஆற்றோடு சண்டை போடாமல் கட்டிய கட்டடம் எப்படி இருக்கும் என்று படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற அதிகாரியாக இருந்த அவர் தன் சொத்தைக் கொடுத்துக் கட்ட வைத்து, 1843இல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே கலெக்டர் அலுவலகம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியபோது 17 பேர் இந்த ஆற்றில்தான் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் ஆற்றில் மலர் தூவ ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு இந்தப் பக்கம் போக்குவரத்து நெருக்கடியாக இருக்கும்.

மதியச் சாப்பாட்டில் சொதி இருக்கிறதா என்று கேட்டு உட்காருங்கள். தேங்காய்ப்பாலில் செய்து இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது, கல்யாண மறுவீட்டு விருந்துக்கு உரியது. அல்வாவை ஊர் கிளம்பும் நாளில் வாங்குங்கள். வெயில் தணிந்ததும் நேரம் இருந்தால் ரெட்டியார்பட்டி மலையில் அரசு எழுப்பியுள்ள பொருநை அருங்காட்சியகம். மறுநாள் பார்க்கப் போகும் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைக்கு அது நல்ல முன்னோட்டம்.

7. கிழக்கே: கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், நவதிருப்பதி

திருச்செந்தூர் சாலையில் முதல் நிறுத்தம் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோவில் வீரப்ப நாயக்கர் மண்டபத்தில் ஆளுயரச் சிற்பங்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவனின் முன்னால் நில்லுங்கள். பாரம் ஏறியதில் விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், கால் தசை முறுக்கியிருக்கும், விரல் நகம்கூடத் தனியாகத் தெரியும். காலை ஒன்பது மணி வாக்கில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது போனால் எல்லாம் துலங்கும்.

அடுத்தது ஆதிச்சநல்லூர். சாலையோரம் செம்மண் மேடு ஒன்று தெரியும். பரம்பு என்பார்கள். 114 ஏக்கர் முழுக்க ஈமக்காடு. 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-05இல் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தது. இப்போது தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, நாம் குனிந்து பார்க்கிற மாதிரி 2023இல் தளக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். ஆள் உயரத் தாழிக்குள் எலும்பும் சிறு பானைகளும் வைத்தபடியே இருப்பதைப் பார்த்த பிறகு, எழும்பூரில் அந்தச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரியும். மேட்டில் நடந்தால் காலடியில் கறுப்பு சிவப்பு ஓடுகள் கிடக்கும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. அம்பை வயலைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு அந்த நெல்மணி அந்நியமாக இருக்காது.

புதுக்குடிப் பக்கமிருந்து ஸ்ரீவைகுண்டம் ஊருக்குள் போக அணைக்கட்டுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். இறங்கி நின்று பாருங்கள், எட்டாவது அணைக்கட்டு அதுதான். இதற்குக் கீழே ஆற்றுக்குத் தண்ணீர் மிஞ்சுவது மழைக்காலத்தில்தான்.

இந்தப் பக்கத்து ஒன்பது பெருமாள் கோவில்களான நவதிருப்பதி விஷயத்தில் என் யோசனை, ஒன்பதையும் அவசரமாகத் தொடுவதைவிட மூன்றை நிதானமாகப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை. ஒன்பதும் வேண்டும் என்கிறவர்களுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அரசு சிறப்புப் பேருந்து விடுகிறது. நவகைலாயத்துக்கு மார்கழி ஞாயிறுகளில். கோவில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடும் என்பதை மறந்து பதினோரு மணிக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். காலை எட்டுக்குள் முதல் கோவில், பதினொன்றரைக்குள் மூன்றாவது, பிறகு சாப்பாடும் மர நிழலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர். அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம், உறங்காப்புளி, கோவிலுக்குள்ளேயே மேடை கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. கல்லில் செய்த நாதசுரம் ஒன்றும் இந்தக் கோவிலின் உடைமை. வைகாசியில் ஒன்பது கருட சேவை. ஒன்பது ஊர்ப் பெருமாளும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். நெரிசல் பழகியவர்கள் அந்த நாளுக்கே வரலாம். தென்திருப்பேரை போகிறவர்கள் பக்கத்தில் கடம்பாகுளத்தையும் பார்த்துவிடுங்கள். மாலையில் கரையில் நின்றால் குளமா, கடலா என்று தோன்றும்.

8. கொற்கையும் கழிமுகமும்

கொற்கையில் பார்க்க அதிகம் இல்லை என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஒரு குளம், குளத்துக்குள் ஒரு கோவில், முதிர்ந்த வன்னி மரம், வாழைத்தோட்டம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இது என்று தெரிந்து வந்தால்தான் நிற்கத் தோன்றும். கடல் இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். அந்த வண்டலில் நிற்கிறோம் என்று தெரிந்தால் வாழைத்தோட்டமும் வரலாறுதான்.

புன்னைக்காயல் மீனவ ஊர். 16ஆம் நூற்றாண்டில் தமிழில் அச்சு நூல்கள் கொண்டுவந்த அண்டிரிக் அடிகளார் பணியாற்றிய இடம். கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள், மணல் திட்டு, அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. சுற்றுலா வசதி எதையும் எதிர்பார்க்காதீர்கள். படகில் போக ஆசையென்றால் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள், கழிமுகத்தில் அலை புரட்டும். ஆட்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் ஊரே தேவாலயத்தில் இருக்கும் என்பதால் அப்போது போக வேண்டாம்.

திரும்பும் வழியில் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்கள். வாங்குவதானால் தெரிந்த கடையில் கருப்பட்டி. உடைத்தால் உள்ளே பளபளவென்று சர்க்கரைப் படிகம் மின்னினால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். ஜனவரியில் வந்தால் பனங்கிழங்கு, கோடையில் வந்தால் காலை வேளையில் பதநீர். சென்னைக்காரர்கள் நெல்லை வரை திரும்ப வேண்டியதில்லை. திருச்செந்தூரிலிருந்து இரவு வண்டியாகப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்துகொண்டால் போதும். அல்வாவை முந்தின நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.